ஐஸ் வண்டிக்குப் பின்னால்

1

இங்கே கோடை வந்துவிட்டால் நீலப்புள்ளி போட்ட குழாயை நாங்கள் தொடுவதில்லை. மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் வெயிலில் வெந்து, பச்சைத் தண்ணீர் வரவேண்டிய குழாயில் கொதிநீர் வரும். அதனால் ஏப்ரல் கடைசியில் ஹீட்டரை அணைத்துவிடுவோம். ஹீட்டரின் தொட்டி குளியலறைக்குள் நிழலில் இருக்கிறது. அதில் தேங்கும் தண்ணீர் கொஞ்சம் ஆறிக் கிடக்கும். கோடை முழுக்கச் சிவப்புக் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர். ஊரிலிருந்து புதிதாக யார் வந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுவோம். மறந்தால் கையைச் சுட்டுக்கொள்வார்கள்.

நான் இருப்பது ஓமனில், மஸ்கட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம் உள்ளே போகவேண்டிய சிறிய ஊர். குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. மனைவி வசந்தா இங்குள்ள மருத்துவமனையில் நர்ஸ். ஒரே பையன் தினேஷ். ஆவடியில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்தவன். இப்போது பதினோரு வயது.

நேற்றுத்தான் ஹீட்டரை அணைத்தேன். சுவிட்சைத் தட்டியதும் அதன்மேல் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. போன வருஷமும் இப்படி அணைத்துவிட்டு அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பினோம். ஒரு வருஷம் ஆகிவிட்டது.  வெளியில் தினேஷின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். கேட்டது. பக்கத்து வீட்டு ஓமானிப் பையன்களோடு 'யல்லா, யல்லா' என்று அரபியில் கத்திக்கொண்டு பந்து உதைத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் நகர்ந்தேன்.

2

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று தண்ணீர்.

நான் மேடைமேல் வெளியே வைத்த தண்ணீரைக் குடிப்பவன். ஜில் தண்ணீர் இறங்கும்போது நெஞ்சுக்குள் யாரோ கைவைத்து அழுத்துவதுபோல இருக்கும். வசந்தா கலந்து குடிப்பாள். டம்ளரில் பாதி வெளித்தண்ணீர், பாதி ஃபிரிஜ் தண்ணீர். டம்ளரின் வெளிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று சேர்ப்பாள். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்த்த கை. தினேஷுக்கு ஃபிரீசரில் வைத்த பாட்டில். குலுக்கினால் உள்ளே ஊசி ஊசியாக ஐஸ் ஓடவேண்டும். மடமடவென்று குடித்துவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பான்.

"வலிக்குதாடா?" என்று கேட்டால், "வலிக்கும்போதுதான்ப்பா நல்லா இருக்கு" என்பான்.

இந்த ஊரில் வசதியான வீடுகளின் மதில்சுவரில், தெருவைப் பார்த்தபடி, ஒரு குளிர்நீர்ப் பெட்டி வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் நின்று குடிக்கலாம். கேட்கவேண்டாம், நன்றி சொல்லவேண்டாம். தினேஷ் நடக்கக் கற்றதே அந்தப் பெட்டிகளுக்கு இடையில்தான் என்று சொல்லலாம்.

ஊரில் நாங்கள் இருந்த விதம் வேறு. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், நானும் வசந்தாவும் அண்ணனோடு ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் பிளாக்கில் இருந்தது ஒரே ஒரு ஃபிரிஜ், மாடியில் திருநெல்வேலிக்காரர் வீட்டில். கீழ்வீட்டில் யாருக்காவது விருந்தாளி வந்தால் ஒரு டம்ளர், தட்டு போட்டு மூடி, மாடிக்குப் போகும். நாலு ஐஸ் கட்டியோடு திரும்பி வரும். படி இறங்குவதற்குள் இரண்டு கரைந்துவிடும்.

"இன்னிக்கு யாரு வந்திருக்கா, பொண்ணு பாக்கவா?" என்று மாடி அக்கா கேட்பார். டம்ளர் போய்வருவதை வைத்தே யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும்.

அண்ணன் மட்டும் அந்த ஐஸைத் தொடமாட்டார். அவருக்கு உலைக்கூடத்தில் வேலை. எப்போதும் வெந்நீர்தான். "வேர்த்த உடம்புல ஜில்லுன்னு பட்டா ஜன்னி வந்துடும்டா" என்பார். அதை அவர் கருத்தாகச் சொல்லமாட்டார், சட்டமாகச் சொல்வார்.

3

போன வருஷம் ஊருக்குப் போனது விடுமுறைக்காக இல்லை. இங்கே ஓமனில், நாங்கள் இருக்கிற ஊரின் இந்தியப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆறாவதுக்கு மஸ்கட் போகவேண்டும். தினமும் போய்வரும் தூரமில்லை. மஸ்கட் ஆபீசுக்கு மாற்றம் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பத்துக்கு மேலதிகாரி 'புக்ரா' என்றார். நாளை என்று அர்த்தம். அந்த நாளை இன்னும் வரவில்லை. இங்கே நம்மவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்ய நினைத்தோம். பிள்ளையை ஊரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்கவைப்பது.

அண்ணன் அதற்குள் ஆவடிக்குப் பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் சொந்த வீடு கட்டியிருந்தார். அவருக்கு ஒரே பெண், கீதா, காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். "இங்கே விட்டுட்டுப் போ. எனக்குப் பையன் இல்லாத குறை தீரட்டும்" என்று அவரே சொன்னார். ஆவடியில் நல்ல பள்ளி ஒன்றில் சேர்க்கைத் தேர்வுக்கும் ஏற்பாடு செய்திருந்தார்.

தினேஷிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. "சும்மா ஒரு டெஸ்ட், எழுதிப் பாரு" என்று மட்டும் சொல்லிவைத்தோம். பத்து வயசுப் பையனுக்குப் புரியாது என்று எப்படி நினைத்தோம் என்று இப்போது தெரியவில்லை.

அண்ணன் வீட்டில் ஃபிரிஜ் இருந்தது. ஆனால் மே மாதத்தில் அந்தப் பக்கம் முழுக்க லோ வோல்டேஜ். ஸ்டெபிலைசர் கடக் கடக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். மோட்டார் போய்விடும் என்று பகலில் அணைத்துவைத்துவிடுவார்கள். தெருவில் நாலைந்து பேருக்கு மஞ்சக்காமாலை. அதனால் அண்ணி காலையில் ஒரு அண்டாத் தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடிவைப்பார். சமையலறைச் சூட்டில் அது சாயங்காலம்வரை ஆறாது.

முதல் நாள் தினேஷ் ஒரு வாய் வாங்கினான். விழுங்கவில்லை. கன்னத்தை உப்பலாக வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ப் பப்பாளிமரத்தடியில் துப்பிவிட்டு வந்தான்.

"என்ன கண்ணு, தண்ணி பிடிக்கலையா?" என்றார் அண்ணி.

"தாகமில்ல பெரியம்மா."

மறுநாளும் தாகமில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நுங்கு கொடுத்தால் சாப்பிட்டான். தர்பூசணி சாப்பிட்டான். மோர் கொஞ்சம். தண்ணீர் மட்டும் வாயில் வைக்கவில்லை. உதடு வெடித்துத் தோல் உரிந்தது. வசந்தா அவன் பாத்ரூம் போய்வரும்போதெல்லாம் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். "மஞ்சளா போறான். கொஞ்சமாத்தான் போறான்" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். நர்ஸ் சொல்கிற மாதிரி ஆரம்பித்து, கடைசி வார்த்தையில் அம்மாவாகிவிட்டாள்.

"கடையில கூல்டிரிங்ஸ் வாங்கிக் குடுத்துடலாமா?" என்றேன் அண்ணனிடம்.

"வாங்காதே. ஒரு தடவை வாங்கினா தினம் கேப்பான். தாகம் எடுத்தா தானா குடிப்பான், யாரும் சொல்ல வேணாம்." பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்: "என்னிக்கு ஒரு சொம்புத் தண்ணியை முழுசாக் குடிக்கிறானோ, அன்னிக்கு அவன் இந்த ஊர்ப் பையன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா ஃபிளைட் ஏறலாம்."

தினேஷ் கூடத்தில் கீதாவின் டேப்ரிக்கார்டரை நோண்டிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வசந்தாவுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எங்களைப் பார்க்காமல் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தான்.

4

தேர்வு நாளன்று நானும் வசந்தாவும் அண்ணனும் பள்ளியின் முன்வாசலில் நின்றோம். கத்திரி வெயில். சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே பெற்றோர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு பெற்றோராகத் தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டம் மெலிந்து, கடைசியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம்.

அண்ணன் வாட்ச்மேனிடம் போனார்.

"அல்லாப் பசங்களும் பூட்டாங்க சார். உள்ள யாரும் இல்ல."

"எங்க பையன் வரலைப்பா."

"பின்கேட்டு ஒண்ணு கீது. அப்படிக்காவும் உடுவாங்க." அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "பெஞ்சு மேல இதுதான் கீது. உங்க புள்ளதா?"

நீலநிற மூடி. வசந்தா காலையில் அவன் கழுத்தில் மாட்டிவிட்டது. கழுத்துவரை நிறைந்திருந்தது. அவள் அதை வாங்கி மூடியைத் திருகிப் பார்த்தாள். "ஒரு சொட்டுகூடக் குடிக்கலைங்க" என்றாள். "இந்த வெயில்ல எங்கயாவது மயக்கம் போட்டு விழுந்திருப்பான்."

அவன் திரும்பி வந்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று அவளை வாசலிலேயே நிறுத்தினோம். அண்ணன் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். நான் பின்கேட் தெருவில் ஓடினேன். அந்தத் தெருவின் கோடியில் ரயில் பாதை என்பது எனக்குத் தெரியும். வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

தெரு முனையில் ஒரு சோடாக்கடை.

"ஒரு சின்னப் பையன், பத்து வயசு, வெள்ளைச் சட்டை, முதுகுல பை. இந்தப் பக்கம் வந்தானா?"

கடைக்காரர் யோசித்தார். "நம்ம பையன் யாரும் வர்லியே. ஒரு இந்திக்காரப் பையன்தான் வந்தான். டண்டா பானி, டண்டா பானின்னு நின்னுகினு இருந்தான். ஏர்ஃபோர்ஸ் காம்பவுண்டுப் புள்ளைன்னு நெனச்சேன்."

"இல்லைங்க, என் பையன் தமிழ்ப் பையன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினேன். நாலைந்து கடை தாண்டியதும் கால் தானாக நின்றுவிட்டது. இங்கே ஓமனில் கடைகளில் எங்கள் பிள்ளைகள் யாரும் தமிழ் பேசுவதில்லை. கடைக்காரர் யாராயிருந்தாலும் இந்திதான். கடை என்றால் இந்தி என்று தினேஷ் பழகியிருக்கிறான். குளிர்ந்த தண்ணீரை அவன் வேறு எப்படிக் கேட்பான்?

திரும்பி ஓடி வந்தேன். "அவன்தாங்க என் பையன். எந்தப் பக்கம் போனான்?"

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பதான் தமிழ்ப் பையன்னு சொன்ன?"

"எந்தப் பக்கம்ங்க?"

"ஐஸ் இன்னும் வர்ல கண்ணுன்னு அவன்கிட்ட சொன்னேன். அந்நேரம் பாத்து ஐஸ் வண்டி இப்படிக்கா போச்சு. அது பின்னாடியே பூட்டான்." கையை நீட்டினார். "ரோட்டைப் பாத்துக்கினே போ சார். சொட்டிக்கினு போயிருக்கும்."

குனிந்து பார்த்தேன். தார் ரோட்டில் கறுப்பாக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, ஒரு நனைந்த புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அந்த வெயிலில் அவை என் கண் முன்னாலேயே சுருங்கிக்கொண்டிருந்தன. ஓரத்திலிருந்து காய்ந்து, நடுவில் ஒரு பொட்டாகி, மறைந்தன. நான் ஒன்றைப் பிடிப்பதற்குள் அடுத்தது போய்விடும்போல இருந்தது. பார்வையைத் தரையிலிருந்து எடுக்காமல் ஓடினேன். எதிரே வந்த சைக்கிள்காரர், "யோவ், கண்ணு இன்னா கால்லயா கீது?" என்று திட்டிக்கொண்டே ஒதுங்கினார்.

புள்ளிகள் லெவல் கிராசிங்குக்கு இட்டுச்சென்றன. கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கிறது என்று தெரியாமல், ஒரு எலெக்ட்ரிக் ரயில் முழுக்கக் கடந்துபோகும்வரை நின்றேன். ஒவ்வொரு பெட்டியாகப் போனது. பெட்டிகளுக்கு இடையில் தெரிந்த வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். கேட் திறந்ததும் முதலில் தண்டவாளத்தைத்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அந்தப் பக்கம் ரோடும் இல்லை, மண் தெரு. மண்ணில் புள்ளிகள் உறிஞ்சிப்போயிருந்தன. மூன்று சந்துகள் பிரிந்தன. எதில் போவது என்று தெரியாமல் நின்றபோதுதான் மேளம் கேட்டது.

5

சாவு மேளம். கேட்டவுடன் தெரியும் அது.

இத்தனை நேரம் மனசின் ஓரத்தில் இருந்த எண்ணம் அப்போது நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தொலைந்த பையனுக்கு இப்போது மேளம் அடிக்கமாட்டார்கள் என்று அறிவுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. மேளச் சத்தம் வந்த சந்துக்குள் போனேன்.

வாசலில் பந்தல். ஆண்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கைலி கட்டிய ஒருவர் என் முகத்தைப் பார்த்து எழுந்துவந்தார்.

"இன்னா சார், சொந்தமா?"

"யாருங்க... யாரு போயிட்டாங்க?"

"பெருசு ஒண்ணு பூட்ச்சு சார். வயசாளி."

ஒரு மனிதர் செத்துக்கிடக்கும் வீட்டு வாசலில் நின்று நான் மூச்சு விட்டேன். நன்றாக, நெஞ்சு நிறைய. அதை அந்த மனிதர் பார்த்தார். அப்போதுதான் பந்தலுக்குப் பக்கவாட்டில் மீன்பாடி வண்டி நிற்பது தெரிந்தது. மூன்று சக்கர வண்டி, மேலே கோணி, மரத்தூள், அதற்குள் நீளமான ஐஸ் பார்கள். வண்டி நிழலில், தரையில் குந்திக்கொண்டு, தினேஷ். இரண்டு கையிலும் ஒரு பெரிய ஐஸ் துண்டைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். தண்ணீர் முழங்கைவரை வழிந்து சட்டையெல்லாம் மரத்தூள்.

நான் போய் அவன் தோளைப் பிடித்தேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஐஸை விடவில்லை.

"உங்க புள்ளையா நைனா?" என்றார் வண்டிக்காரர். "ஒரு கட்டி குடுன்னு கேட்டுகினே பின்னாடி வர்றான். கண்ணு, இது குடிக்கிற ஐஸு இல்ல, பொணத்துக்கு வெக்கிற ஐஸுன்னு நானும் சொல்லிக்கினே வர்றேன். கேக்க மாட்டேன்றான். பொணம் இருந்தா இன்னான்றான்."

"அப்படியா சொன்னான்?"

"அப்படியே சொல்லல சார். அவன் பாத்த பார்வை அப்படி."

வாசற்படியில் நின்ற ஒரு பெண், தலை அவிழ்ந்து, அழுது வீங்கிய முகத்தோடு, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவரின் மருமகள் என்று பிறகு தெரிந்தது. "நான்தான் ஒடைச்சுக் குடுக்கச் சொன்னேன்" என்றாள். "உதடெல்லாம் வெடிச்சு, ஊட்டு வாசல்ல ஒரு புள்ள வந்து நிக்குது. போடான்னா சொல்வாங்க?"

"மன்னிச்சிருங்கம்மா. துக்க வீட்ல வந்து..."

"அட, உடு சார். எங்க மாமனாரு ஜில் தண்ணி, ஜில் தண்ணின்னு ஆறு மாசமா உசுர வாங்கிக்கினு இருந்தாரு. நெஞ்சுல சளி, குடுக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. இப்ப பாரு, ரெண்டு பாரு ஃபுல்லா அவருக்குத்தான்." சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாகி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே பெண்களின் ஒப்பாரி ஒரு சுற்று எழுந்தது.

பந்தலில் இருந்தவர்கள் தினேஷையே பார்த்தார்கள்.  அவன் கடைசித் துளிவரை உறிஞ்சிவிட்டு எழுந்தான்.

6

பள்ளி வாசலில் நின்ற வசந்தாவையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அண்ணி எங்களை வாசலிலேயே நிறுத்தினார். "அப்படியே நில்லுங்க. சாவு வீட்டுக்குப் போனவங்க உள்ள வரக்கூடாது. கொல்லைப்பக்கமா வாங்க." எங்கே இருந்தான், என்ன சாப்பிட்டான் என்று தெரிந்ததும் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பொணத்துக்கு வெச்சதையாடா வாயில போட்டே? ஐயோ, என்ன தண்ணியோ, எந்தக் குட்டையோ."

அண்ணன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அங்கே வந்தார். பஸ் ஸ்டாண்டு முழுக்க அலைந்துவிட்டு வந்தவர். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "வீட்ல அண்டா நிறைய தண்ணி இருக்கு. காய்ச்சி வெச்சிருக்கு. அது இவனுக்கு ஆகலை. பொணத்து ஐஸு ஆகுது" என்று கையை ஓங்கினார். வசந்தா இடையில் வந்து நின்றாள். அவரை எதிர்த்து அவள் நின்று அன்றுதான் பார்த்தேன்.

கொல்லையில் தொட்டி ஓரம் அவனை நிறுத்தி, சொம்பால் மொண்டு தலையில் ஊற்றினாள். இரண்டு சொம்பு ஊற்றியபிறகு கேட்டாள். திட்டவில்லை, கேட்டாள்.

"தாகமா இருந்துச்சு இல்ல? அப்புறம் ஏண்டா இத்தனை நாளா தண்ணி குடிக்கலை? சூடா இருந்துச்சா?"

"மொதல்ல சூடா இருந்துச்சு. அப்புறம் அதுக்காக இல்ல."

"பின்ன?"

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவன் முதலில் பெரியப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஒரு சொம்பு குடிச்சா நீங்க ரெண்டு பேரும் ஃபிளைட் ஏறிடுவீங்கன்னு பெரியப்பா சொன்னாரு."

வசந்தா மொள்ளுவதை நிறுத்தினாள்.

"அதான் குடிக்கலை" என்றான். "ஐஸ் சாப்பிட்டா இந்த ஊர் பழக்கமாகாது. ஐஸ் நம்ம ஊர்லயே இருக்கு."

'நம்ம ஊர்' என்று அவன் சொன்னது ஓமனை. வசந்தா சொம்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஈரத்தோடு அவனைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல முழங்காலின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் விளையாட்டுக்குச் சொன்னேன்டா கண்ணு" என்றார். 

அடுத்து வந்த நாட்கள் வேறு விதமான பயம். தினமும் காலையில் வசந்தா அவன் கண்ணின் கீழ்இமையை இழுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். வெள்ளையாக இருக்கிறதா, மஞ்சளா? எனக்கு எல்லாம் மஞ்சளாகத்தான் தெரிந்தது. அண்ணி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். நல்லவேளையாக ஒன்றும் வரவில்லை.

அந்தப் பயத்துக்கு நடுவில் பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்னது: தினேஷ் தேறிவிட்டான், இடம் உறுதி. அண்ணன் மாலை ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரிடம் நான் சொன்னேன், சேர்க்கவில்லை, கூட்டிக்கொண்டு போகிறோம் என்று. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ரொம்ப நேரம் அதைச் சரிசெய்தார்.

"பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்கா?"

"ஆமாண்ணே."

"அப்ப எங்க வீட்ல விட உனக்கு மனசில்லை. ஊர்ல கேட்டா நான் என்ன சொல்லட்டும்? அண்ணன் வீட்டுத் தண்ணி பிடிக்கலைன்னு சொல்லட்டுமா?"

 நாங்கள் கிளம்பும்போது அவர் வேலைக்குப் போய்விட்டார். அண்ணிதான் வாசல்வரை வந்தார்.

7

இந்த ஒரு வருஷம் தினேஷுக்குப் பள்ளி இல்லை. ஆறாம் வகுப்புப் புத்தகங்களை மஸ்கட்டிலிருந்து வரவழைத்து, டியூட்டி இல்லாத நேரத்தில் வசந்தா சமையலறை மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். கணக்கு வருகிறது. தமிழ் எழுத்து கோணலாகப் போகிறது. அரபு யாரும் சொல்லித்தராமலே வருகிறது. தெருவில் அவன் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. செய்தது சரிதானா என்று தினமும் ஒரு தடவையாவது கேட்டுக்கொள்கிறேன். மாற்றல் விண்ணப்பத்தை மூன்றாம் முறையாகக் கொடுத்திருக்கிறேன். புக்ரா.

போன மாதம் அண்ணன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார். வருஷம் முழுக்கப் பேசாதவர். கீதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. வந்தாகவேண்டும்.  பிறகு, "ஸ்டெபிலைசர் மாத்திட்டேன்டா. பகல்லயும் ஃபிரிஜ் ஓடுது. அவன்கிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டார்.

தினேஷிடம் சொன்னேன். தலையை ஆட்டினான். சந்தோஷப்படவும் இல்லை, வரமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் பேச்சு நடக்கும் அறையில் அவன் இருந்தால், கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரிகிறது. நானும் வசந்தாவும் எண்ணெய் விலையைப் பற்றிப் பேசினால்கூடக் கேட்கிறான்.

இன்று மாலை கம்பெனியிலிருந்து டிக்கெட்டுகள் வந்தன. மூன்று. மேசைமேல் வைத்தேன். அவன் பந்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தன்னுடையதை எடுத்தான். மேல்தாளைப் புரட்டினான். அடுத்த தாளில் சிவப்புக் கார்பன் எழுத்தில் மங்கலாக இருந்த பெயரை விரலால் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.

"இது திரும்பி வர்றதுக்கா?"

"ஆமா."

"தேதி உங்களுக்கும் இதேதானா?"

எங்கள் டிக்கெட்டுகளையும் பிரித்துக் காட்டினேன். மூன்றையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தான்.

"இதை அங்க போய் கேன்சல் பண்ண முடியுமாப்பா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். இன்று இரவு நிம்மதியாகத் தூங்கிவிடுவான்.

"முடியும்" என்றேன்.

தன்னுடையதன்மேல் விரலை வைத்தான். "அப்ப என்னோடது என்கிட்டயே இருக்கட்டும்."

கொடுத்தேன். உள்ளேயிருந்து வசந்தா, "சின்னப் பையன் கையில டிக்கெட்டைக் குடுக்காதீங்க, எங்கயாவது தொலைச்சுடுவான்" என்றாள்.

 அவன் தொலைக்கமாட்டான்.